பட்டணத்துக்கு வெட்டிய குழி

இன்னும் முப்பது வருஷத்தில் சென்னைப் பட்டணத்து ஜனம் எத்தனை பெருகும், அத்தனை பேருக்கும் குடிக்க எங்கிருந்து தண்ணீர் கொண்டுபோவது என்று பெரிய அதிகாரிகள் யோசித்தார்கள். சத்தியவேட்டுப் பக்கம் ஆற்றை மறித்து ஏரி கட்டலாமா என்று பார்த்துவர ஆள் அனுப்பினார்கள். அடியில் பாறை எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று தெரியவேண்டும். அதற்காக ஆற்று மணலில் குழி வெட்டிய கூலியாட்களில் நாகபூஷணமும் ஒருவன். அவனுடைய ஊர் அந்தக் கரையிலேயே இருந்தது.

ஒரு குழியில் பாறை தட்டுவதற்கு முன்னால் தண்ணீர் வந்துவிட்டது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. இந்தத் தண்ணீரில் வெந்தது. அந்தச் சேதி போதாதா? மறுநாளே பெண்கள் குடத்தோடு வரிசை கட்டிவிட்டார்கள். நாகபூஷணத்தின் மனைவி தாட்சாயணி குழியோரம் மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, "கங்கம்மா தாயே" என்று விழுந்து கும்பிட்டாள். கங்கம்மா என்று கும்பிட்ட ஊற்றில் அந்தப் பக்கத்து ஆள் எவனும் மண் தள்ளமாட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மதராசுக்கும் ஆந்திராவுக்கும் இருந்த எல்லைத் தகராறு தீர்ந்தது. ஆந்திராவின் திருத்தணி மதராசுக்கு, மதராசின் சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று முடிவாயிற்று. இன்னொரு ராஜ்யத்துக்குப் போகிற ஆற்றில் பட்டணத்துக்கு ஏது ஏரி? வேலையை நிறுத்து, குழிகளை மூடு, சாமான்களோடு திரும்பி வா என்று உத்தரவு வந்தது.

நாகபூஷணம் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் திருப்பதி போய், அங்கே பஸ் மாறி, ஊர் சேரப்போகிற ஜில்லாவின் தலைமையிடமான சித்தூருக்குப் போனான். கலெக்டர் கச்சேரி வராந்தாவில் பொழுது சாய்கிற வரைக்கும் நின்றான். குழியை மூடாமல் கிணறாக்கித் தரவேண்டும் என்று அவன் சொன்னதைக் குமாஸ்தா பொறுமையாகத்தான் கேட்டார்.

"மீ ஊரு இங்கா மா ஜில்லாலோகி ராலேதய்யா" என்றார். ஊர் இன்னும் எங்கள் ஜில்லாவுக்கு வரவில்லை, வந்த பிறகு வா என்று அர்த்தம்.

திரும்பி வந்து, குழி வேலையை மேற்பார்த்த ஓவர்சியர் வேதாச்சலத்திடம் கேட்டான். அவர் பட்டணத்துக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"ஊரே எங்களுது இல்லேன்னு ஆயிடுச்சு. குழி மட்டும் எப்படிப்பா எங்களுதாகும்?"

"வரப்போறவனும் இல்லேங்கிறான், உட்டுட்டுப் போறவனும் இல்லேங்கிறான். அப்ப நாங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க சார்?"

வேதாச்சலம் அடுத்த குழியை மூடச் சொல்லப் போய்விட்டார்.

மற்ற குழிகளையெல்லாம் மூடி முடித்து, கடைசியாக இந்தக் குழிக்கு வந்தார்கள். ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள்.

"கைய வெட்டினாலும் மண்ணு தள்ளமாட்டோம்" என்றான் ஏகாம்பரம். நாகபூஷணத்தோடு சேர்ந்து குழி வெட்டியவன், வாய்த்துடுக்கு. "நீங்க ஒரு கூடை தள்ளிக் காட்டுங்க சார், அப்பால நாங்க தள்றோம்."

வேதாச்சலம் மஞ்சள் குங்குமத்தைப் பார்த்தார். "நான் புள்ளகுட்டிக்காரன்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரி, மூடவேணாம். ஜனங்க மூட விடலேன்னு எழுதிக்கிறேன்."

நாகபூஷணத்துக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. தாட்சாயணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஆனா பலகைய எடுத்துடணும்" என்றார் வேதாச்சலம்.

ஆற்று மணல் தானாக நிற்காது. நான்கு பக்கமும் பலகை இறக்கி, குறுக்கே சட்டம் கொடுத்து முட்டு வைத்திருந்தார்கள். அதை உருவினால் குழி ஏது?

"தூணைப் புடுங்கிக்கினு ஊட்டை வச்சிக்கோன்றீங்களே, இன்னா சார் இது?"

"எனக்குத் தெரியாதா? பலகை சர்க்கார் சாமான். என் தலையில இருக்குது."

"ரெண்டு நாளு குடுங்க. பனமரம் அறுத்தாந்து எறக்கிடறோம். அப்பால உங்க பலகைய நானே பட்டணத்துக்குத் தூக்கியாந்து குடுக்கிறேன்."

"லாரி இன்னைக்குத்தான்பா. இது போனா அடுத்த லாரி கிடையாது."

சர்க்கார் பலகையைத் தரமாட்டோம் என்று சொல்ல முடியுமா? ஏகாம்பரம் சட்டத்தைத் தட்டிவிடக் குழிக்குள் காலை வைத்தான். நாகபூஷணம் அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

"நீ எறங்காத. தப்பாத் தட்டினா உன்ன இங்கியே பொதச்சிடும்."

முட்டு வைத்தவன் நாகபூஷணம்தான். எந்தச் சட்டத்தை முதலில் தட்டவேண்டும் என்று அவன் கைக்குத்தான் தெரியும். அதற்குள் பெண்கள் கூச்சல் போட்டார்கள். "இருய்யா, மொண்டுக்கிறோம்!" குடம், அண்டா என்று சாணிக் கூடை தவிர எல்லாம் நிரம்பியது. அதற்குமேல் பொறுக்காமல் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். நாகபூஷணம் இறங்கினான். தட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்து மேலே வந்தான். மேலிருந்து பலகைகளை உருவினார்கள். சத்தமே இல்லாமல் மணல் உள்ளே போயிற்று. யாரும் ஒரு பிடி மண் தள்ளவில்லை.

சாமான் ஏற்றிய லாரி நாலடி போவதற்குள் சக்கரம் மணலில் புதைந்தது.

"ஒரு கை குடுங்கப்பா" என்றார் வேதாச்சலம்.

ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

"நல்லாத் தள்ளச் சொல்றாரு பாரு" என்றான் ஏகாம்பரம். "ஆந்திராக்காரனக் கூப்புடுங்க சார்!"

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, நாலு பலகையை இழுத்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தான். லாரி உறுமி ஏறியது. இரண்டு பலகை படாரென்று ஒடிந்தது. வேதாச்சலம் அதைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"இது உதவாது. ஒடஞ்சதுன்னு எழுதிக்கிறேன். நீங்க வச்சிக்கோங்க."

லாரி கரையேறியது. நாகபூஷணம் ஒடிந்த பலகைத் துண்டு ஒன்றை எடுத்து அதன் பின்னால் விட்டெறிந்தான். பாதி தூரம்கூடப் போகாமல் மணலில் விழுந்தது.

"இன்னாத்துக்கு எறியற?" என்றாள் தாட்சாயணி. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "இது ரெண்டு நாளைக்கு வரும். அப்பால?"

நாகபூஷணம் குனிந்து, கிடந்த மண்வெட்டியை எடுத்தான். தோண்டுவதற்கா, வீட்டுக்கு எடுத்துப் போவதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.