மூணாம் கியர் வழி

அந்த மலைச்சாலையில் லாரி ஓட்டுகிற யாரிடம் வேண்டுமானாலும் கிரேன்காரம்மா எங்கே என்று கேட்கலாம். ஒன்பதாவது வளைவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். பாறையைக் கொஞ்சம் குடைந்து அகலப்படுத்திய இடத்தில் அவளுடைய மஞ்சள் வண்டி நிற்கும். பக்கத்திலேயே அவள் வீட்டுக்காரரின் பஞ்சர் கடை. கவிழ்ந்த லாரியை நிமிர்த்துவது, பள்ளத்தில் தொங்குகிற கண்டெய்னரை மேலே இழுப்பது, அச்சு முறிந்து நடுரோட்டில் படுத்த வண்டியை ஓரங்கட்டுவது எல்லாம் அவள் வேலை. வயது நாற்பத்தாறு. ஆள் குட்டை, குரல் நெட்டை.

ஒரு நாள் காலையில், பக்கத்தில் இருக்கிற லாரி எடைமேடைச் சுவரில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அடுத்த இருபது வருஷத்துக்கு நாட்டின் நெடுஞ்சாலைகளை எப்படி மாற்றலாம், எங்கே புது வழி போடலாம், எதை அகலப்படுத்தலாம் என்று பொதுமக்கள் யாரும் யோசனை சொல்லலாமாம். ஆறு வாரம் கெடு. கீழே, இந்த மலைக்குத் துறை நினைத்து வைத்திருக்கிற திட்டமும் இரண்டு வரியில் இருந்தது: இருக்கிற பதினாலு வளைவையும் வெட்டி அகலப்படுத்தி நாலு வழிச் சாலை.

கையில் டீயோடு நின்று படித்தவள், குடிக்காமலே கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. இவங்க என்ன எழுதியிருக்காங்க பாருங்க."

வீட்டுக்காரர் டயரை உருட்டிக்கொண்டே வந்து படித்தார். "அகலம் பண்றாங்களாம். நல்லதுதானே?"

"என்ன நல்லது? மேல் பக்கம் கோடையிலயும் தண்ணி கசியுது. அந்த மண்ணுல கை வெச்சா மொத்த மலையும் மடியில வந்து உக்காரும். அப்புறம் ரோடே இருக்காது." சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நம்மகிட்டதான் வழி இருக்கே!"

அவள் சொன்ன வழி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அப்போது பெரிய மண்சரிவு. பதினொரு நாள் சாலை மூடிக் கிடந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஊரெல்லாம் இருட்டில் இருக்க, மின்சாரக் கம்பெனிக்காரர்கள் ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்று இவளிடம் வந்து நின்றார்கள். வடக்குப் பக்கம் உயர்மின் கோபுரங்களுக்கு அடியில் அவர்கள் போட்டிருந்த மண்தடம் ஒன்று இருந்தது. ஜீப் மட்டுமே போகிற தடம். இவள் இருபத்திரண்டு டன் கிரேனை அதில் ஏற்றினாள், பின்னால் டிரான்ஸ்பார்மரையும் கட்டி இழுத்துக்கொண்டு. முதல் கியரில் முக்கி முனகிப் போகவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அடிவாரத்தில் மூன்றாவது கியர் போட்டவள், மலை உச்சிக் கணவாய் வரை அதை மாற்றவே இல்லை. இறங்கி நின்றதும் அவளுக்கே நம்ப முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். மலை வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

"அந்தத் தடத்தை ரோடாக்கச் சொல்லி எழுதப் போறேன்," என்றாள் இப்போது.

வீட்டுக்காரர் டயரைக் கீழே போட்டார். "எழுது. ரோடு அந்தப் பக்கம் போயிடும். இந்த வளைவுல ஈ காக்கா வராது. நீ கிரேனைத் துடைச்சுப் பொட்டு வெச்சு வேடிக்கை பாரு, நான் குருவிக்குப் பஞ்சர் ஒட்டறேன். நம்ம தலையில நாமே மண்ணள்ளிப் போட்டுக்கறதுக்கு மனு வேற எழுதணுமா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளும் அதை யோசிக்காமல் இல்லை. அன்று முழுவதும் வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே யோசித்தாள். ஆனால் பொழப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் நினைப்பு தானாக வடக்குப் பக்கம் திரும்பி, அந்தத் தடத்தில் தார் போட்டு, வெள்ளைக் கோடு இழுத்து, லாரிகளை வரிசையாக ஏற்றிவிடுகிறது. என்ன செய்வாள்?

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் டைல்ஸ் பதிக்கிறவள். தரையில் ஒரு நூல் ஏற்ற இறக்கம் இருந்தாலும் உள்ளங்காலாலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் மேஸ்திரிகள் எல்லாம் மட்டம் பார்க்கிற கருவியின் பேரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள்: ரசமட்டம்.

"சாய்வு எவ்வளவுன்னு எழுதணுமாம்டி. கியரை எழுதினா சிரிப்பாங்க."

"எவ்வளவு தூரம் அண்ணி?"

"ஏழரை கிலோமீட்டர் இருக்கும்."

"நம்மகிட்ட டியூப் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரேன்," என்றாள் ரசமட்டம்.

டியூப் என்றால் தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதற்கு வைத்திருப்பது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை வைத்து ஒரு இடத்தைவிட இன்னொரு இடம் எவ்வளவு மேலே என்று அளந்துவிடலாம். இருபது மீட்டர் குழாய். ஒருத்தி இந்த முனை, ஒருத்தி அந்த முனை. அளந்து, குறித்து, முளை அடித்து, மறுபடி இருபது மீட்டர். ஒரு தடவை ஏறுவதற்கு முன்னூற்று எழுபத்தைந்து தடவை இப்படி. ஐந்து ஞாயிறு பிடித்தது. முட்கள் கிழித்தன. ஒரு தடவை குழாயில் காற்றுக்குமிழி புகுந்தது தெரியாமல் அரை நாள் அளந்து, அத்தனையையும் அடித்துவிட்டு, திரும்பக் கீழே இறங்கி ஆரம்பித்தார்கள். அன்றைக்கு ரசமட்டம் வாயில் வந்ததையெல்லாம் எழுதினால் காகிதம் எரிந்துவிடும்.

மூன்றாவது ஞாயிறு, சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "மண்ணள்ளிப் போட்டுக்கறவங்க பட்டினியாவா போடணும்?" என்று கேட்டவர், சாப்பிட்டு முடிந்ததும் போகாமல் முளை அடிக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

ஏறியும் இறங்கியும் அளந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சாண்தான். மொத்த ஏற்றம் இருநூற்றுத் தொண்ணூறு மீட்டர் சொச்சம். நூறு மீட்டருக்கு நாலு மீட்டர்கூட முழுசாக இல்லை. இப்போதைய சாலை சில இடத்தில் பத்து ஏறுகிறது. ரசமட்டம் நோட்டில் கூட்டல் போட்டு முடித்து, நிமிர்ந்து, "அண்ணி, இது மலையே இல்ல. சாய்ஞ்ச தரை!" என்று கத்தினாள். இரண்டு பேரும் அந்தக் கணவாயிலேயே ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். வீட்டுக்காரர் சுத்தியலை வைத்துக்கொண்டு, நாமும் குதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றார்.

கெடுவுக்குள் மனு போட்டவர்களைக் கூப்பிட்டு நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டம் நகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில். ஆளுக்கு ஆறு நிமிஷம். இவளுக்கு நாற்பத்தொன்றாம் எண். முன்னால் வந்தவர்கள் கோட்டும் சூட்டுமாக, சுவரில் படம் ஓடவிட்டுப் பேசினார்கள். இவள் கையில் ரசமட்டம் வரைபடத் தாளில் பென்சிலால் வரைந்த நீளச் சுருள் மட்டும். உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் அதை உருட்டி உருட்டி ஓரமெல்லாம் வியர்வையில் ஊறிவிட்டது.

எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்தாள். சுருளை மேஜை மேல் விரித்ததும் அது திரும்பச் சுருண்டுகொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் குரல் வந்தது. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டே பேசினாள்.

துறையின் ஆலோசகர், ஒல்லியான மனிதர், குறுக்கிட்டார். "நீங்க சொல்ற கணவாய் எங்க வரைபடத்துல இருக்கும்மா. நடுவுல ஆழமான பள்ளம். ஏத்தம் ஒம்பது. அதனாலதான் அதை அப்பவே விட்டுட்டோம்."

"அந்தப் பள்ளம் இப்ப இல்லீங்க. கோபுரம் நடும்போது பக்கத்துப் பாறையை வெட்டி அதுக்குள்ள தள்ளிட்டாங்க. உங்க வரைபடம் அதுக்கு முன்னாடி எடுத்தது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு டன் வண்டியை அது மேல ஓட்டியிருக்கேன். பின்னாடி ஒரு டிரான்ஸ்பார்மர். மூணாவது கியர்."

மண்டபத்தில் சிரிப்பு. ஆனால் நடுவில் உட்கார்ந்திருந்த தலைமைப் பொறியாளர் சிரிக்கவில்லை. அறுபது வயதை நெருங்குகிற அம்மா. அதுவரை யார் பேசியபோதும் நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தவர், பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணாவது கியரா? கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும் மேடம்."

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"ஒன்பதாவது வளைவுல மீட்பு வண்டி வெச்சிருக்கேன்."

"அந்த ரோடு மாறிட்டா உங்களுக்கு வேலை இருக்காதே?"

"இருக்காதுங்க."

"அப்புறம் ஏன்?"

அவள் சுருளைப் பார்த்தாள். "மேடம், நான் ஒரே ஒரு தடவைதான் அதுல ஓட்டினேன். அப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சுட்டு, தெரியாத மாதிரி அந்த வளைவுல எப்படி உக்காந்துட்டு இருக்கறது? ரெண்டு வருஷமா தூக்கமே வரல. வேணும்னா நீங்க வந்து ஒரு தடவை உக்காந்து பாருங்க. நான் ஓட்டறேன்."

ஆறு நிமிஷம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். அவள் சுருளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். வாசலில் காத்திருந்த ரசமட்டம், "என்ன அண்ணி ஆச்சு?" என்று கேட்டதற்கு, "வாயை விட்டுட்டேன்டி. வண்டியில ஏறுங்கன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

மூன்று நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, பஞ்சர் கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. தலைமைப் பொறியாளர் இறங்கினார். பின்னால் அந்த ஒல்லி ஆலோசகரும், மூன்றுகால் அளவுக் கருவியைச் சுமந்துகொண்டு இரண்டு பேரும்.

"எங்க உக்காரணும்?" என்றார் அம்மா, கிரேனை அண்ணாந்து பார்த்தபடி.

வீட்டுக்காரர் ஓடிப்போய் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அம்மா அதைக் கவனிக்காமல் சக்கரத்தில் கால் வைத்து ஏறிக்கொண்டார்.

அடிவாரத்தில் கிரேன்காரம்மா மூன்றாவது கியரைப் போட்டாள். போட்டுவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள், அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி. முதல் கோபுரம் தாண்டியது, இரண்டாவது தாண்டியது. வண்டி ஒரே சீராக உறுமிக்கொண்டு ஏறியது. நாலாவது கோபுரத்துக்கு மேல் அம்மா வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு கியர் தண்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளம் இருந்த இடம் வந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் ஜீப்பில் வந்த ஆலோசகரைப் பார்த்து, "உங்க பள்ளம் எங்கய்யா?" என்று கத்தினார்.

கணவாயில் நிறுத்தினார்கள். கருவியை நட்டு அளக்க ஆரம்பித்தார்கள். அம்மா நடந்து மறுபக்கத்து விளிம்புக்குப் போனார். கிரேன்காரம்மாவும் கூடப் போனாள். அவளுக்குத் தெரிந்த வரையில் புது வழி இங்கிருந்து இடது பக்கம் இறங்கி, பழைய சாலையின் மறுமுனையில் சேரும். அப்படித்தான் சுருளிலும் வரைந்திருந்தது.

அம்மா வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில், வெயிலில், சாம்பல் கோடு ஒன்று மின்னியது. அதில் எறும்பு மாதிரி வண்டிகள்.

"அது என்ன ரோடு?"

"துறைமுகத்துக்குப் போற ரோடு மேடம். பதினொண்ணாம் நம்பர்."

அம்மா திடீரென்று கையைத் தட்டி, "ஏய், வரைபடத்தைக் கொண்டா! ஓடி வா!" என்று ஒரு கூப்பாடு போட்டார். ஆலோசகர் நிஜமாகவே ஓடி வந்தார். ஒரு பாறை மேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நாலு பேரும் நாலு மூலையை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அம்மா விரலால் ஒரு கோடு இழுத்தார். "இந்த மலைக்கு அந்தண்டையும் இந்தண்டையும் இருக்கற ரெண்டு ரோட்டையும் எங்க சேக்கறதுன்னு பத்து வருஷமா மண்டையை உடைச்சுக்கறோம். லாரி எல்லாம் நூத்தி அறுபது கிலோமீட்டர் சுத்திப் போகுது. இங்கிருந்து அஞ்சு கிலோமீட்டர்ல சேத்துடலாம்!" விரல் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு இடத்தைத் தட்டியது. "நடுவுல ஓடற ஆத்து மேல ஒரு பாலம் மட்டும் போட்டா போதும்."

கிரேன்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் ஒரு வளைவைத் தாண்டத்தான் வழி தேடினாள். அம்மாவின் விரல் அவளுடைய பென்சில் கோட்டைப் பிடித்துக்கொண்டு துறைமுகம் வரை போய் நின்றது.

"அதை எப்படி நான் பாக்காம விட்டேன்?" என்றாள், தன்னையே அடித்துக்கொள்ளாத குறையாக.

"நீங்க ரோட்டைப் பாத்துட்டு ஓட்டினீங்க," என்றார் அம்மா. "அதுதான் சரி."

எட்டு மாதம் கழித்து, துறை முடிவு செய்த திட்டங்களின் பட்டியல் வந்தது. வீட்டுக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். பஞ்சருக்கு வந்து நின்ற நாலு டிரைவர்களைச் சுற்றி நிறுத்தி வைத்துக்கொண்டு போனில் இருந்து சத்தமாகப் படித்தார். மலைச்சாலையை அகலப்படுத்தும் திட்டம் கைவிடப்படுகிறது. வடக்குக் கணவாய் வழியாகப் புதிய இணைப்புச் சாலை, முதல் கட்டத்திலேயே. டிரைவர்கள் விட்ட விசிலில் கிரேனுக்கு அடியில் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவள் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"உன் ரோடு வந்துடுச்சு!" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. உடனே, "பாலம் வரப்போற இடத்துக்கு இந்தண்டை பெரிய மரம் ஒண்ணு இருக்குல்ல, கடையை அங்க மாத்தலாம்னு பாத்து வெச்சிருக்கேன்," என்றும் சேர்த்துக்கொண்டார். எப்போது போய்ப் பார்த்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

ரசமட்டத்துக்கு மட்டும் ஒரு குறை. கருவி சொன்ன உயரத்துக்கும் அவள் டியூப் சொன்ன உயரத்துக்கும் நாற்பது சென்டிமீட்டர் வித்தியாசமாம். "கருவியை நல்லாப் பாக்கச் சொல்லுங்க அண்ணி," என்று போனில் மூன்று தடவை சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை மண்ணைத் துளைத்துப் பார்க்கிற இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. பதினொரு வண்டி. அவற்றை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை இவளுக்கு. ரோடு முடிய ஆறு வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை வேலைக்குப் பஞ்சமில்லை, அதற்குப் பிறகு என்ன என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். கிரேனை முன்னால் நிறுத்தி, இறங்கி வரிசையின் கடைசி வரை நடந்துபோய், ஒவ்வொரு டிரைவரிடமும் எந்த இடத்தில் தடம் குறுகும், எந்தப் பாறையை ஒட்டிப் போகவேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஏறி உட்கார்ந்து, ஹாரனை ஒரு நீள அழுத்து அழுத்தினாள். பின்னால் பதினொரு வண்டியும் பதில் ஹாரன் அடித்தன.