முழங்கால் உயரத்துக் குழாய்

காலை ஏழு மணிக்கே பண்டத்தரிப்பு அம்மன் கோயில் வாசலில் தேர் பார்க்கச் சனம் நிறைந்துவிட்டது. உதயகலா தண்ணீர்த் தாங்கியடியில் நின்றாள். இரண்டாயிரம் லீற்றர் தாங்கி, எட்டடி உயர இரும்புத் தாங்குகால், கீழே சீமெந்து மேடை, நான்கு குழாய்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நல்லது என்று வந்த கடிதத்தையும் வடிகட்டி பொருத்திய விபரத்தையும் பலகையில் ஒட்டியிருந்தாள். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள் வேறெப்படிச் செய்வாள்?

போன வருடத் தேருக்குக் கோயில் சபை தண்ணீர்ப் போத்தல்களை லொறியில் இறக்கியது. திருவிழா முடிந்து ஒரு மாதமாகியும் வெறும் போத்தல்கள் வெங்காயத் தோட்டங்களின் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு கிடந்தன. இந்த முறை சனம் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவந்து நிரப்பட்டும் என்று அவள் கேட்டாள். சபைத் தலைவர் சிவசுப்பிரமணியம் அரைமனதோடு சம்மதித்தார்.

"பத்து மணிக்குத் தேர் வெளிக்கிடும், பிள்ளை. அதுக்குள்ளை சனம் உதிலை குடிக்கேல்லையெண்டால் லொறிக்காரனுக்கு ரெலிபோன் அடிச்சுப் போடுவன். வெயிலுக்கை ஆரும் மயங்கி விழுந்தால் பழி என்ரை தலையிலை."

எட்டு மணியாயிற்று. அவள் தாங்கியின் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது தண்ணீர் மட்டம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. உதயகலாவின் மனம் குளிர்ந்தது. குழாய்களைத் திருத்தும் சுதாகரன் சிரித்துக்கொண்டு வந்தான்.

"ரீச்சர், உங்கடை தண்ணி நல்லாப் போகுது. வாயுக்கை இல்லை, காலிலை."

அவள் முன்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிய சனம் வரிசையாக வந்து, ஒவ்வொரு குழாயிலும் வலது கால், இடது கால் என்று கழுவிக்கொண்டு உள்ளே போனது. சீமெந்து மேடை முழுக்கச் செம்மண் சேறு. ஒரு கையில் குழந்தையும் மறு கையில் வெறும் போத்தலுமாக ஊர்ப்பெண் சிவகௌரி கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, அது குடிக்கிற தண்ணி!"

"ஐயோ! குடிக்கிற தண்ணியை ஆரும் முழங்காலடியிலை வைப்பினமே, அக்கா? கோயில் வாசலிலை இந்த உயரத்திலை பைப் இருந்தால் அது காலுக்குத்தானே?"

"பலகை போட்டிருக்கிறனே."

"செருப்புக் கழட்டேக்கை குனிஞ்செல்லோ நிக்கிறம். பலகை மேலை கிடக்கு."

உதயகலா பலகையை அண்ணாந்து பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு எட்ட வேண்டும், போத்தலை மேடையில் வைத்தே நிரப்பலாம் என்று கணக்குப் பார்த்துக் குழாயைத் தாழ்வாக வைத்தவள் அவள்தான். வாசலில் கால் கழுவும் வழக்கம் அந்தக் கணக்கில் வரவேயில்லை.

"சுதாகரன், குழாயை நெஞ்சு உயரத்துக்கு ஏத்துவமா?"

"பிளாஸ்ரிக் குழாயை ஒட்டினால் பசை காயவேணும், ரீச்சர். மரை வெட்டின இரும்புக் குழாய் என்ரை வாகனத்துக்கை கிடக்கு. முறுக்கினால் சரி."

சிவசுப்பிரமணியம் கைத்தொலைபேசியோடு வந்தார். "மோட்டர் இல்லாமல் தண்ணி மேலை ஏறுமோ, பிள்ளை?"

"ஏறும், ஐயா. தாங்கியிலை தண்ணி எந்த மட்டத்திலை நிக்குதோ, அந்த மட்டம் வரைக்கும் குழாயுக்கை தானாய் ஏறும். தாங்கியின்ரை அடி எட்டடியிலை, குழாய் வாய் நாலடியிலை. மேலை நிக்கிற தண்ணியின்ரை பாரம் தள்ளும். கொஞ்சம் மெல்ல வரும், அவ்வளவுதான்."

"மெல்ல வந்தால் சனம் இடிச்சு நெரிச்சு அடிபடும்."

"அடிபட்டாலும் குடிக்கத்தானே, ஐயா, அடிபடுவினம்," என்றான் சுதாகரன், தாங்கியின் வால்வை மூடியபடி.

அவன் ஒவ்வொரு குழாயையும் கழற்றி, முழங்கை மூட்டு வைத்து, நேர்க்குழாயை நிமிர்த்தி, தாங்குகாலோடு கம்பியால் கட்டினான். உதயகலா தாங்கியை மறுபடி நிரப்பிவிட்டு, கோயில் கிணற்று மோட்டரிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து, செருப்புக் கழற்றும் இடத்தில் ஓடவிட்டாள். கால் கழுவும் சனம் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு மேடையைத் தேய்த்துக் கழுவினாள். ஒன்பதே முக்காலுக்கு வால்வைத் திறந்தார்கள். குழாய் இரண்டு முறை இருமிக் காற்றைத் துப்பியது. அதன்பின் தண்ணீர் விரல் தடிப்பில் சீராக விழுந்தது.

ஒருவரும் வரவில்லை. சிவசுப்பிரமணியம் நேரத்தைப் பார்த்தார்.

முதலில் வந்தவள் சிவகௌரிதான். போத்தலை நிரப்பி, அண்ணாந்து, உதடு படாமல் குடித்தாள். "இது நல்ல தண்ணி," என்று பின்னால் நின்றவளிடம் சொன்னாள். அந்தப் பெண் தன் போத்தலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. போத்தல் இல்லாதவர்கள் உள்ளங்கை குவித்தார்கள். தேரின் வடம் அசைந்தபோது வரிசை மணிக்கூண்டு வரை நீண்டிருந்தது.

சிவசுப்பிரமணியம் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தார்.

"ஓம் தம்பி, நான்தான். வரத் தேவையில்லை. இல்லையப்பா, உண்மையாத்தான்! இஞ்சை சனம் குடிச்சுக்கொண்டு நிக்குது."

விடியற்காலையிலிருந்து ஒரு மிடறும் குடிக்கவில்லை என்பது உதயகலாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.