கூரைப் பனியும் கயிற்றின் மறுமுனையும்

"பேர மாத்திட்டா ஆளு மாறிடுமாடி? முழங்கால்ல ஒட்டுப்போட்ட நீலக் கால்சட்டை இந்தத் தெருவுல வேற யாருகிட்ட இருக்கு?"

நாளிதழைச் சுருட்டிப் பிடித்துக் கத்தியவள் கைம்பெண் ஹருயே. கேட்டு நின்றவள், அந்நாளிதழில் புதினத்தொடர் எழுதிவரும் அடுத்த வீட்டு மிசாவோ. மலைகள் மறைய, வயல்கள் மறைய, அஞ்சற்பெட்டியின் செந்தலை மட்டும் வெண்பட்டில் வைத்த பொட்டெனத் துருத்தி நிற்க, எச்சிகோ மலைச்சாரலின் அச்சிற்றூர் பனிக்குள் புதைந்து கிடந்த காலைப்பொழுது அது. அத்தகைய அமைதியில் ஒரு சண்டை கேட்பது பட்டினி கிடந்தவனுக்கு நெய்ச்சோறு கிடைத்தாற்போல்; கதவுகள் யாவும் விரற்கடை திறந்துகொண்டதில் வியப்பென்ன?

தொடரில் ஓதொமே என்றொரு கைம்பெண், தன் கூரைப் பனியை இரவோடிரவாக அடுத்தவர் முற்றத்தில் தள்ளிவிடுவாள். திருடனையும் பொறுக்கும் அவ்வூர், அவளைப் பொறுக்காது. ஹருயே அப்படிச் செய்பவளா என்று கேட்காதீர்கள், தெருவே அறியும்.

"அவளை எடுத்துடு."

"எடுத்தா கதையே படுத்துடும்க்கா."

"அப்ப உன் கூரை படுக்கட்டும். பனி தள்ள எவன் வர்றான்னு பார்க்கிறேன்."

தனியே கூரையேறுதல் அங்கு வழக்கமில்லை. மேலிருப்பவர் இடுப்பிற் கட்டிய கயிற்றைக் கீழிருந்து ஒருவர் பிடிக்கவேண்டும். யார் கயிற்றை யார் பிடிப்பதென்று வகுப்பவள் ஹருயே. ஆகவே ஒருவரும் வரவில்லை. தலைநகரப் பதிப்பாளர்கள் நகரத்துக் காதலை எழுதச் சொன்னபோதும் ஊரைவிட்டு அகலாத மிசாவோ, எழுதுபலகையின்முன் அமர்ந்து, தலைக்குமேல் விட்டங்கள் முனகுவதைக் கேட்டாள். எதுவோ விழத்தான் போகிறது; அது தான் எழுதிய வரியாக இராது என்று உறுதிகொண்டாள்.

விடிந்ததும் கயிற்றைச் சீமைப்பனிச்சை மரத்திற் கட்டி ஏறினாள். பாதி தள்ளுகையில் கால் வழுக்க, உடல் கூரையின் இறவாரம்வரை சறுக்க, தளர்ந்து கிடந்த கயிறு திடுமென விறைத்தது. கீழே, குதிகாலைப் பனியில் ஊன்றிக் கயிற்றை இழுத்து நின்றாள் ஹருயே.

"மரத்துல கட்டுறாளாம். மரம் பார்த்து இழுக்குமா? நீ செத்தா ஓதொமேவை யாரு முடிப்பா? காலத்துக்கும் நான் பாதியில தொங்கணுமா?"

"அவ திருந்தப்போறதில்லக்கா."

"திருந்த வேணாம். முடிச்சுத் தொலை. மொதல்ல பனிவாரியை ஒழுங்காப் புடி."

சிரித்தபடி மிசாவோ ஓங்கித் தள்ளிய பனிப்பாளம், நேரே ஹருயேயின் முற்றத்தில் இறங்கி, முள்ளங்கி ஊறுகாய் மிடாவை மூடிற்று.

ஹருயே திறந்த கதவுகளை நோக்கி, "எல்லாரும் பார்த்துக்கிட்டீங்கல்ல?" என்றாள், நெடுநாள் காத்திருந்த நிறைவோடு.

அன்றே தெருவார் கயிற்றோடு வந்தனர். ஓதொமேயின் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் தொடரில் அவளுக்கு அடுத்த வீட்டில் எழுத்துக்காரி ஒருத்தி குடிவந்து, பனியைத் திருப்பித் தள்ளலானாள்.

மிசாவோவின் கையெழுத்துப் படிகளை வாங்கிச் செல்ல வந்துபோன நாளிதழ் இளைஞனை ஹருயேயின் மகள் மணந்தாள். பனியறியாத் தென்கடற்கரையில் அவர்கள் குடியேற, ஹருயேயும் நூலாக அச்சான அத்தொடரை மடியில் வைத்துக்கொண்டு உடன்சென்றாள். அங்கே வந்தார்க்கெல்லாம், "இது நான்தான்" என்று காட்டுகிறாளாம். மிசாவோவின் கயிற்றை இப்போது பிடிப்பவர் ஊருக்குப் புதிதாய்க் குடிவந்த ஒருவர். மிகப் பணிவானவர், ஒரு சொல் வையமாட்டார். விடியலில் மிசாவோ எழுதும் விளக்கு இன்றும் எரிகிறது. ஆயினும், பற்றிக் காக்கும் கை பலருக்கு வாய்க்கும், வைதுகொண்டே காக்கும் கை ஒருமுறைதான் வாய்க்கும் என்பதை, கூரைமேல் நிற்கும்போதெல்லாம் வெறிச்சிட்ட அடுத்த முற்றத்தைப் பார்த்து அவள் உணர்கிறாள். பார்த்தபின், பனியை அங்குத் தள்ளுவதில்லை.