மானிட்டருக்கு வேர்ச்சொல்

என் வீட்டுக்காரர் லத்தீன் வாத்தியார். மூளையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும், கட்டிலருகே பீப் பீப் என்று கத்திய மானிட்டரைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தார்.

"மோனேரேங்கற லத்தீன் வினைச்சொல்லுலருந்து வந்த பேருடி இது. எச்சரிக்கிறது, ஞாபகப்படுத்துறதுன்னு அர்த்தம். அதுக்கும் வேரு, நினைக்கிறதுங்கற இன்னும் பழைய சொல்லு."

"இப்ப இதுதான் ரொம்ப முக்கியம்!" என்று எரிந்து விழுந்தேன். பயந்தால் எனக்கு வாய்தான் முந்தும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஞாபகம் தப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் முடிந்து என் வீட்டுக்காரர் கண் விழித்ததும் பக்கத்தில் போய் நின்றேன். என் பேரைக் கேட்கத் துணிவில்லை. மானிட்டரைக் காட்டி, "இந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். அது நினைவிருந்தால் நானும் இருப்பேன் என்று ஒரு கணக்கு.

"மோனேரே," என்றார் உடனே. "எச்சரிக்கிறது, ஞாபகப்படுத்துறது." வேரையும் விடாமல் சொன்னார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா," என்றார். "நீங்க யாரைப் பாக்க வந்திருக்கீங்க?"