ஹுரியே மதினியின் வயல்

கடைசி ஆட்டுமந்தையை விற்ற மறு வசந்தத்திலேயே பைன் கன்றுகள் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்துவிட்டன. கடிக்க ஆடு இல்லை. விறகு வெட்ட ஆள் இல்லை. பிள்ளைகள் இஸ்தான்புல் போய்விட்டார்கள், இருந்தவர்கள் கேஸ் சிலிண்டருக்கு மாறிவிட்டார்கள். பத்தே வருடத்தில் காடு மசூதிச் சுவரைத் தொட்டது. அறுபது வீட்டில் இப்போது இரண்டில்தான் புகை வருகிறது. ஒன்று ஹுரியே மதினியின் வீடு. இன்னொன்று என்னுடையது. நான்தான் முக்தார், இரண்டு வீட்டுக்கு ஒரு ஊர்த்தலைவன்.

வன எல்லை அளக்க வியாழக்கிழமை ஆட்கள் வருவதாகக் கடிதம் வந்தது. மதினிக்கு இருப்பது ஒரே வயல். அண்ணன் இறந்த பின் எட்டு வருடமாக உழவில்லை. இடுப்புக்கு மேல் பைன். காடு என்று எழுதிவிட்டால் வயல் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

"வெட்டிடறேன் ஹாஷிம்," என்றாள்.

"வெட்டினா கேஸ் போடுவாங்க, மதினி."

"யாரு பாத்தா? கரடி வந்து சாட்சி சொல்லப்போகுதா?"

"உன் தேன்பெட்டிய உடைச்சுத் தின்னுச்சே, அது உன்னை நல்லாவே அடையாளம் காட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அரிவாளும் கோடாலியுமாக மூன்று நாள் வெட்டினாள். புதன்கிழமை நான் டிராக்டர் ஓட்டினேன். உழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால் கறுப்பு மண், சுற்றிலும் மார்பளவு வேலி. எங்கள் பக்கத்தில் எதை வெட்டினாலும் காட்டுப்பன்றிக்கு வேலியாக வரப்பில் அடுக்கிவிடுவோம். மதினியும் அப்படியே அடுக்கியிருந்தாள். கண்ணுக்குப் பழகிய காட்சி. எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை வனத்துறைப் பொறியாளர் வந்தார். உழவைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நேராக வேலிக்குப் போய் ஒரு தண்டை உருவினார். வெட்டுவாயில் ஆண்டு வளையங்களை நகத்தால் எண்ணினார்.

"ஏழு. வேலி முழுக்க இந்த வயல்ல முளைச்சதுதானே, அம்மா?"

மதினி என்னைப் பார்த்தாள். நான் டிராக்டரைப் பார்த்தேன்.

வரப்புக் கல்லில் சிவப்பு வண்ணம் ஏறியது; சிவப்பு என்றால் காடு. அவருடைய உதவியாள் வண்ண வாளியோடு வீடுகள் இருக்கும் மேட்டுக்கு ஏறினான். மதினி வீட்டுக்குப் பக்கத்தில், ஆளில்லாத வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு ஒரு பைன் நின்றது. அந்த வீட்டு வாசற்படியிலும் ஒரு சிவப்புக் கோடு.

"இந்த வீட்டுல யாரு?" மதினியின் கதவைக் காட்டிக் கேட்டார் பொறியாளர்.

"நான்தான் இருக்கேன்."

"குளிர்காலத்துலயுமா? ஆளில்லாத வீடுன்னா அதையும் காட்டோட சேத்து எழுதணும்."

குளிர்காலத்துக்கு அங்காராவில் மகள் வீட்டுக்குப் போக அவள் பேருந்துச் சீட்டு எடுத்து வைத்திருந்தாள். போன பனிக்காலத்தில் இதே கதவைத்தான் கரடி பிறாண்டியது. பலகையில் கீறல் இன்னும் இருக்கிறது.

"குளிர்காலத்துலயும்தான்," என்றாள்.

உதவியாளின் தூரிகை சுவரருகே நின்றது. பிறகு கோடு போடாமலே இறங்கியது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜீப் போனதும் மதினி மேலங்கியிலிருந்து சீட்டை எடுத்து என் கையில் திணித்தாள். "திருப்பிக் குடுத்துடு. நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

வாங்கிக்கொண்டேன். நவம்பரில் நானும் புர்சாவுக்கு, மகனிடம் போகிறேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.