பத்திரிகை இல்லாத லீவு

ஒரகடத்துல எங்க கம்பெனியில மூணு நாளுக்கு மேல லீவு வேணும்னா, ஒண்ணு கல்யாணம், இல்ல சாவு. கல்யாணம்னா ஃபாரத்தோட பத்திரிகையைப் பின் பண்ணணும். ஆறு வருஷத்துல நான் நாலு கல்யாணம் நடத்தி வெச்சிருக்கேன். பொண்ணு மாப்பிள்ளை யாருன்னே தெரியாது. எங்க ஊரு மண்ணூர்ல யார் வூட்டுப் பத்திரிகை கிடைச்சாலும் எடுத்து வெச்சுப்பேன். நாலு வாட்டியும் நான் போனது இந்தியப் பெண்கள் ரக்பி டீமுக்கு ஆட.

பந்தோட ஓடி வர்றவளை இடுப்போட பிடிச்சுத் தரையில சாய்க்கறது என் வேலை. போன வாட்டி கண்ணு வீங்கித் திரும்பினேன். "இன்னா, பந்தியில சண்டையா?"ன்னு சூப்பர்வைசர் சிவசங்கர் கேட்டார். ஆமான்னேன். அசெம்ப்ளி லைனே சிரிச்சது. எங்க வூட்ல மொத டிகிரி நான். படிச்சது இந்தப் பொய்யை எழுதவா?

இந்த வாட்டி நான்தான் கேப்டன். திங்கக்கிழமை கேம்ப் ஆரம்பம், பதினஞ்சு நாள். காரணம்ன்ற இடத்துல 'இந்தியாவுக்கு ரக்பி ஆட'ன்னு எழுதி, செலக்‌ஷன் லெட்டரைப் பின் பண்ணி, டீ பிரேக்ல சிவசங்கர் மேசையில வெச்சேன்.

"பத்திரிகை எங்கம்மா?"

"கல்யாணம் இல்ல சார்."

"வெளையாட்டுக்கெல்லாம் லீவு கிடையாது. எதனா ஒரு பத்திரிகை எடுத்தாந்தா, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பக்கத்துல நின்ன தங்கமாரி, தென்காசிக்காரி, என் காதுல சொன்னா: "யக்கா, எங்க சித்தி மவ பத்திரிகை ரூம்ல கெடக்கு. கொண்டாரட்டா?"

"வேணாம்டி."

"வேலை போயிரும்க்கா!"

"போவட்டும்." சிவசங்கர் பக்கம் திரும்பினேன். "இல்லன்னா இல்லன்னே எழுதுங்க சார். 'இந்தியாவுக்கு ஆடப் போறதால லீவு கிடையாது.' கீழ உங்க பேர், தேதி."

"என்னை மாட்டி வுடப் பாக்கறியா?"

"பொய்க்கு நாலு வாட்டி கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப மாட்டிக்கலயா?"

பிரேக் முடிஞ்ச பெல் அடிச்சது. சுத்தி நின்னவங்க ஒருத்தியும் நகரல. அவர் பேனா மூடியைக் கழட்டினார், திரும்ப மூடினார்.

"நீ வர்றப்ப உன் இடத்துல வேற ஆள் நிக்கும்."

"நிக்கட்டும். திங்கக்கிழமை நான் கேம்ப்ல இருப்பேன். யாராவது கேட்டா, கல்யாணத்துக்குப் போயிருக்கான்னு மட்டும் சொல்லாதீங்க."

ஃபாரத்தை அங்கயே விட்டுட்டு லைனுக்கு நடந்தேன். ஷிப்ட் முடிய இன்னும் மூணு மணி நேரம் இருந்தது.