ஜாஹிரின் கட்டும் மீரா சாகிப்பின் இறாலும்

தொலைக்காட்சியில் பேட்மிண்டன் பார்த்துக்கொண்டிருந்த ஜாஹிர், மலேசியாவுக்குப் புள்ளி கிடைத்துவிட்டதென்று துள்ளியெழுந்து சுவரில் ஒரு குத்து விட்டான். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்திருந்தது. புள்ளியும் போயிற்று, சுண்டுவிரலுக்குக் கீழே ஓர் எலும்பும் போயிற்று. வலது கையில் மாவுக்கட்டு, தொழிற்சாலைக்கு லீவு.

எலும்பு அவனைப் பெரிதாகப் படுத்தவில்லை. பத்தியம்தான் படுத்தியது. இறால் அரிக்கும், கோழி சூடு, முட்டை ஆகவே ஆகாது என்று அவன் மனைவி ரொஸ்னா சட்டம் போட்டுவிட்டாள். மூன்று வேளையும் விரால் மீன் சூப்.

"டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னாரே."

"அவரு எலும்பு படிச்சவரு. இறால் படிச்சவரா?"

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் செய்தி பரவ, கீழ்வீட்டு ஜெயலெட்சுமி அக்கா உள்பட நலம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் உயிரோடு ஒரு விராலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவை குளியலறை வாளியில் கிடந்து, ஜாஹிர் குளிப்பதை வைத்த கண் வாங்காமல் பார்த்தன.

அவனுக்கு இனி உலகத்தில் வேண்டியது ஒன்றுதான். பல குழம்பும் கலந்து ஊற்றிய ஒரு தட்டு நாசி கண்டார் சோறு, மேலே ஒரு பெரிய இறால். ரொஸ்னா மதியம் கண்ணயர்ந்ததும், கால்சட்டைக்குப் பொத்தான் போட வழியில்லாமல் கைலியோடு மீரா சாகிப் கடைக்கு நடந்தான்.

"ஒரு சாப்பாடு நானா. பெரிய இறால் வைங்க. குழம்பு வெள்ளமா ஊத்துங்க."

மீரா சாகிப்பின் கரண்டி பாதியில் நின்றது. "கையில என்ன?"

"சும்மா சுளுக்கு."

"சுளுக்குக்கு எவனாச்சும் சிமெண்டு பூசுவானா? இறால் கிடையாது தம்பி. வெண்டைக்காய் வைக்கிறேன்."

"கை என்னோடதுதானே?"

"இறால் என்னோடதுலா! நாளைக்குக் கை வீங்கிப்போனா ஊரே என் கடையத்தான் சொல்லும்."

"வெண்டைக்காய வாங்கிட்டு நகருங்கண்ணே!" என்று வரிசையில் யாரோ கத்தினார்கள்.

"எனக்கில்ல நானா, புங்குஸ், பொட்டலமாக் கட்டுங்க. பொண்டாட்டி ஆசைப்பட்டா."

மீரா சாகிப்பின் முகம் மலர்ந்தது. "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன!" இருப்பதிலேயே பெரிய இறாலைப் பொறுக்கி வைத்து, தாளை மடித்து, இரண்டு ரப்பர் வளையங்களை இறுக்கிப் போட்டுக் கொடுத்தார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஜாஹிருக்கு உறைத்தது. அந்த ரப்பரை ஒற்றைக் கையால் கழற்ற முடியாது. முழங்காலில் இடுக்கினான். பல்லால் கடித்தான். ரப்பர் உதட்டில் அறைந்ததுதான் மிச்சம்.

பக்கத்தில் இருந்த சீனக் கிழவரிடம் நீட்டினான். அவர் ஒரு வளையத்தைக் கழற்றினார், மோந்து பார்த்தார், கட்டைப் பார்த்தார். "உடாங்? தா போலே லா!" இறால் கூடவே கூடாதாம். கழற்றிய வளையத்தை முன்னைவிட இறுக்கமாக மாட்டிவிட்டார். அந்தப் பக்கம் நின்ற மலாய்க்காரப் பெண் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, விரால் சூப் நல்லது என்றாள். பினாங்கில் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசி ஜாஹிர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியில் வீட்டுக் கத்தரிக்கோலை நம்பிப் பூனைபோல் நுழைந்தான். இடது கைக்குக் கத்தரிக்கோல் படியவில்லை. நழுவித் தரையில் விழுந்து அது போட்ட சத்தத்தில் ரொஸ்னா எழுந்து வந்தாள்.

"என்னங்க அது?"

ஜாஹிர் பொட்டலத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "உனக்குத்தான். வாங்கிட்டு வந்தேன்."

ரொஸ்னா இரண்டு வளையங்களையும் ஒரே இழுப்பில் உருவிப் போட்டாள். ஜன்னலைத் திறந்து, "அக்கா! ஒடஞ்ச கையோட போயி எனக்குச் சாப்பாடு வாங்கிட்டு வந்திருக்காரு!" என்று கீழே கூவிவிட்டு, அவன் எதிரிலேயே உட்கார்ந்து இறாலின் தலையை உறிஞ்சினாள்.

"ஒரு வாய்..."

"கை அரிக்கும்."

வால் நுனிவரை சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஜாஹிரின் கண்கள் கலங்கியிருந்தன. அவளுக்கும் கலங்கிவிட்டது.

"இவ்வளவு பாசத்த எங்க வச்சிருந்தீங்க? நாளைக்கும் வாங்கிட்டு வாங்க. ரெண்டு இறாலாக் கேளுங்க."